நீளக் கையை நம்புவதும் குட்டைக் கைக்கு அஞ்சுவதும்: குத்துச்சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைகளை விரித்து நிற்கவைத்து அளவு எடுத்த மறுநிமிடமே முகம் வாடிப்போகும் பிள்ளைகளைப் பயிற்சிக்கூடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். "எனக்குக் கை எட்டாதே, மாஸ்டர்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் நெட்டைப் பையனோ அதே அளவுநாடாவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். வாடுவதும் தவறு, நிமிர்வதும் தவறு. கை நீளம் குத்துச்சண்டையில் பெரிய சொத்து என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சொத்தைக் கட்டிக்காப்பவை கால்கள். கால்கள் தூங்கிவிட்டால் எவ்வளவு நீளக் கையும் வெறும் பாரம்தான்.

முதலில் அந்த எண்ணையே பலர் தவறாகப் படிக்கிறார்கள். ரீச் என்று அறிவிக்கப்படுவது ஒரு கையின் நீளம் அல்ல. இரு கைகளையும் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை அளப்பது அது. தோள்களின் அகலமும் விரல்களின் நீளமும் அதற்குள் அடக்கம். கையுறைக்குள் விரல்கள் மடங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. எதிராளிக்கு 6 அங்குலம் கூடுதல் என்று கேட்டதும் பயந்துபோகிறீர்கள். அதைப் பாதியாக்கிப் பாருங்கள். ஒரு கைக்கு ஏறக்குறைய 3 அங்குலம். முன்காலை அரை அடி நகர்த்தினால் அடைந்துவிடக்கூடிய தூரம்.

உயரத்தை வைத்துக் கை நீளத்தை ஊகிப்பது இன்னொரு பிழை. 1964-இல் சோனி லிஸ்டனை எதிர்கொண்ட முகமது அலி (அப்போது காசியஸ் கிளே) லிஸ்டனைவிட உயரமானவர். ஆனால் லிஸ்டனின் ரீச் 84 அங்குலம், அலியுடையது 78. அத்தனை நீளக் கையோடும் லிஸ்டனால் அலியைப் பிடிக்க முடியவில்லை. அவர் குத்து போய்ச் சேரும் இடத்தில் அலி இருக்கமாட்டார். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் தன் முக்காலியைவிட்டு எழவேயில்லை.

இருக்கிற கையையே முழுதாகப் பயன்படுத்தாமல் நிற்பதுதான் பயிற்சிக்கூடத்தில் நான் மிகுதியாகத் திருத்தும் தவறு. வீட்டுச் சுவரிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடதுகால் முன்னால் வைத்து, பக்கவாட்டாக நின்று, தோள் தாடையைத் தொடும் அளவுக்கு ஜாப்பை, அதாவது முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்தை, முழுவதும் நீட்டுங்கள். முஷ்டி சுவரை லேசாகத் தொடட்டும். இப்போது பாதங்களை அசைக்காமல் இடுப்பையும் மார்பையும் சுவருக்கு நேராகத் திருப்புங்கள். கை நீட்டியபடிதான் இருக்கும், ஆனால் முஷ்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலைந்து விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும். எதிராளியிடம் கூடுதலாக இருப்பதாகக் கவலைப்பட்ட தூரத்தை நீங்களே உங்கள் தோளில் பூட்டிவைத்திருக்கிறீர்கள். களைப்பு ஏற ஏற மார்பு தானாகவே எதிராளிக்கு நேராகத் திரும்பிவிடும். மூன்றாவது சுற்றில் "எட்டவில்லை" என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எட்டாத குத்தை எட்டவைக்க உடம்பைச் சாய்ப்பது. மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போனால் எடை முழுவதும் முன்காலில் ஏறிவிடும். அந்த நொடியில் பின்வாங்கவும் முடியாது, விலகவும் முடியாது. குத்து பட்டாலும் அதில் வலு இருக்காது. எட்டவில்லை என்றால் காலை நகர்த்துங்கள், தலையை நீட்டாதீர்கள். இது நீளக் கைக்காரருக்கும் பொருந்தும், குட்டைக் கைக்காரருக்கும் பொருந்தும்.

இனி நீளக் கைக்காரர்களின் பக்கம் வருகிறேன். இவர்கள் செய்யும் பிழைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் அதிகம் பொறுக்காது. கையில் இருக்கும் வரத்தை வீணடிக்கிறார்கள். ஜாப்பை நீட்டுவதில் காட்டும் வேகத்தைத் திருப்பி இழுப்பதில் காட்டமாட்டார்கள். நீண்ட கை போகவும் நேரம் எடுக்கும், வரவும் நேரம் எடுக்கும். போன பாதையிலேயே தாடைக்குத் திரும்பாமல் அது இடுப்புப் பக்கம் தொங்கி வந்தால், எதிராளியின் வலது குத்துக்கு வாசலைத் திறந்து வைத்ததற்குச் சமம். இன்னும் சிலர் ஜாப்பை எதிராளியின் முகத்துக்கு முன் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அது இரண்டொரு முறை ஏமாற்றும். மூன்றாவது முறை எதிராளி அதன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் புகுந்துவிடுவார்.

எதிராளி நெருங்கும்போது நேர்கோட்டில் பின்வாங்குவது அடுத்தது. நீளக் கால்களும் இருப்பதால் அது எளிதாகத் தோன்றும். ஆனால் மூன்று எட்டில் முதுகு கயிற்றைத் தொட்டுவிடும், பிறகு அங்கே தூரம் என்று ஒன்று கிடையாது. ஓர் எட்டுப் பின்னால், அடுத்த எட்டு பக்கவாட்டில் என்று பழக்கப்படுத்துங்கள். திரும்பும்போதே ஜாப் வெளியே போகட்டும்.

தூரத்தைத் தானாகவே கைவிட்டுச் சண்டைக்கு இறங்குவதும் உண்டு. 1985 ஏப்ரலில் மார்வின் ஹாக்லருக்கு எதிராகத் தாமஸ் ஹெர்ன்ஸ் ஆடிய முதல் சுற்றை இன்றுவரை பேசுகிறார்கள். ஹெர்ன்ஸின் ஜாப் உலகப் புகழ் பெற்றது. 78 அங்குல ரீச். ஹாக்லர் முதல் மணியிலேயே பாய்ந்து வந்தார். ஹெர்ன்ஸும் நின்ற இடத்தில் நின்று குத்துக்குக் குத்து கொடுத்தார். வீரத்தில் குறைவில்லை. ஆனால் வலது கை முறிந்தது, கால்கள் தளர்ந்தன, மூன்றாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது. எதிராளி விரும்பும் தூரத்தில் சண்டையிட்டால் உங்கள் கை நீளம் உங்களுக்கே இடைஞ்சல். நெருக்கத்தில் ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வளைத்து வீசும் குத்து) வீச நீண்ட கைக்கு இடம் போதாது.

அதற்காக, எதிராளி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைப்பதும் சரியல்ல. உள்ளே வந்தவரை என்ன செய்வது என்பதை முன்பே பழகியிருக்க வேண்டும். 2002-இல் லெனாக்ஸ் லூயிஸ் மைக் டைசனைச் சந்தித்தபோது இருவருக்கும் இடையே 13 அங்குல வித்தியாசம்: 84-க்கு 71. லூயிஸ் ஜாப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. டைசன் குனிந்து புகும்போது கீழிருந்து தாடையை நோக்கி மேலேறும் குத்தான அப்பர்கட் வந்தது. நெருங்கியபோது தோளில் சாய்ந்து பிடித்துத் தன் எடையைச் சுமக்கவைத்தார். எட்டாவது சுற்றில் வலது குத்தில் டைசன் விழுந்தார். ஜாப் மட்டும் பழகும் நெட்டைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைத்தான் போட்டுக்காட்டுவேன்.

இப்போது முகம் வாடிய பிள்ளைகளுக்கு. ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே மிகக் குட்டையான கைகளில் ஒன்று ராக்கி மார்சியானோவுடையது. ஏறக்குறைய 68 அங்குலம்தான். 49 ஆட்டங்கள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக் அவுட். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் முதல் சுற்றிலேயே கீழே விழுந்தவர், புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தவர், 13-ஆவது சுற்றில் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பறித்தார். அவர் எட்டாத தூரத்திலிருந்து வீசிக்கொண்டிருக்கவில்லை. எட்டும் இடத்துக்குப் போனார், போவதற்கான விலையையும் கொடுத்தார்.

குட்டைக் கைக்காரர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் பெரும் தவறு நடுத்தூரத்தில் நின்றுவிடுவது. உங்கள் குத்து அவரை எட்டாது, அவர் குத்து உங்களை எட்டும். அப்படி ஒரு வளையம் ரிங்கில் இருக்கிறது. அதில் தாமதிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு எதிராளியின் பெயரில்தான் ஏறும். ஒன்று, அந்த வளையத்துக்கு வெளியே முழுதாக இருங்கள். அல்லது அதைத் தாண்டி உள்ளே போய்விடுங்கள். வாசற்படியில் நிற்காதீர்கள்.

உள்ளே போகும்போது தலையை அதே உயரத்தில், அதே கோட்டில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். தலை இடமோ வலமோ விலக வேண்டும், முழங்கால்கள் மடங்க வேண்டும். இடுப்பில் மட்டும் குனிந்தால் கண்கள் தரையைப் பார்க்கும், அப்பர்கட் வருவதே தெரியாது. தோள் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் அடியில் இடமும் வலமுமாகப் புகுந்து புகுந்து முன்னேறுவது பழைய பயிற்சிதான், அதற்கு ஈடு இல்லை. 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றது இப்படி 15 சுற்றுகள் தாழ்ந்து எழுந்து உள்ளே போய்த்தான். கடைசிச் சுற்றில் அவருடைய இடது ஹூக்கில் அலி மல்லாந்தார்.

ஜாப் நீளக் கைக்காரரின் ஆயுதம் என்று அதைக் கைவிடுவதும் வேண்டாம். குட்டைக் கைக்காரருக்கு ஜாப் உள்ளே போகும் சாவி. முகத்துக்கு எட்டாவிட்டால் வயிற்றுக்கு வீசுங்கள். தலையைப் பின்னால் இழுத்துத் தப்பலாம், வயிற்றை அவ்வளவு எளிதில் இழுக்க முடியாது. 2024-இல் 85 அங்குல ரீச் கொண்ட டைசன் ஃபியூரியை 78 அங்குல ரீச் கொண்ட ஒலெக்சாண்டர் உசிக் ஒரே ஆண்டில் இருமுறை வென்றார். உடம்புக்கு விழுந்த நேர்க்குத்துகளும் ஓயாமல் கோணம் மாறிய கால்களும் அந்த ஆட்டங்களில் எவ்வளவு வேலை செய்தன என்பதை ஒலியைக் குறைத்துவிட்டு, கால்களை மட்டும் பார்த்து மறுபடி கவனியுங்கள்.

உசிக் இடதுகை நிலைக்காரர், அதாவது வலதுகாலையும் வலதுகையையும் முன்னால் வைத்து நிற்பவர். வலதுகை நிலையும் இடதுகை நிலையும் மோதும்போது இருவருக்கும் முன்னால் இருக்கும் கைகள் ஒன்றையொன்று தடுக்கும். அங்கே யாருடைய முன்பாதம் மற்றவரின் முன்பாதத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிறது என்பது, கை நீளத்தைவிட முக்கியமான கேள்வியாகிவிடுவதுண்டு.

பயிற்சியில் ஒரு பிழை பயிற்சியாளர்களாகிய எங்களுடையது. ஒரே அளவுள்ளவர்களையே ஜோடி சேர்த்து ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விடுகிறோம். அப்படி வளர்ந்த பையனுக்கு ஒரே ஒரு தூரம்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாளாவது நெட்டையும் குட்டையும் எதிரெதிரே, மெதுவான வேகத்தில் நிற்கட்டும்.

உள்ளே போய் நாலு குத்து நன்றாகப் போட்டுவிட்டு, வந்த வழியே நேராகப் பின்வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்தப் பின்வாங்கல் சரியாக நீளக் கையின் முனையில்தான் போய் முடியும். அதுவரை சம்பாதித்ததை ஒரே வலது குத்தில் அங்கே இழக்கிறார்கள். குத்தி முடித்ததும் எதிராளியின் முன்தோளைத் தாண்டிப் பக்கவாட்டில் வெளியேறுங்கள், கைகள் தாடையருகே இருக்கட்டும். அவர் உடம்பைத் திருப்பி உங்களைத் தேடும் அந்த நேரத்தில் அடுத்த ஜாப் உங்களுடையது.