மூன்று வாரத்தில் குறைத்த எடையும் ஓராண்டில் குறைத்த எடையும்

முதல் தடவை, நானாகவே ஒரு நாளைக்கு 800 கலோரிக்கும் கீழே இறங்கினேன். முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது அப்புறம்தான் புரிந்தது. உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். மூன்றாம் வாரம் தலைசுற்றல், எரிச்சல், இரவெல்லாம் சாப்பாட்டு நினைப்பு. சில மாதங்களில் முடி கொட்டியது, எடை முழுக்கத் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை தினமும் 400 கலோரி மட்டும் குறைத்தேன். ஒவ்வொரு வேளையும் புரதம், வாரம் மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி. தசை கரையாமலிருக்க இரண்டும் வேண்டும். தினமும் எடை பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டுமே கணக்கில் எடுத்தேன். பாதியில் விட்டுவிடாமல் என்னைத் தொடர வைத்தது இந்தப் பழக்கம்தான். ஓராண்டில் 11 கிலோ.

சரி, மெதுவாகக் குறைத்தால் திரும்பவே வராதா? அப்படி இல்லை. 2014-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வேகமாகக் குறைத்தவர்கள், மெதுவாகக் குறைத்தவர்கள் இரு தரப்புமே மூன்றாண்டுகளில் இழந்த எடையில் சுமார் 71 சதவீதம் திரும்ப ஏறினார்கள். மருத்துவர் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு சிலருக்கு, குறிப்பாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, நன்றாகவே உதவுகிறது. தனியாக இறங்கியதுதான் என் தவறு. வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் வரும் அபாயமும் உண்டு.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. வாரச் சராசரி 2 கிலோ ஏறினால், அன்றே அந்த 400 கலோரியை மறுபடி குறைக்கத் தொடங்கிவிடுகிறேன்.