சுண்ணாம்புக்கல்லில் பழைய கடலைப் படிக்க ஒரு பிரதித்தாள்

பிரதித்தாள் என்பது, கல்லின் அறுத்த முகத்தை அமிலத்தால் லேசாக அரித்து, அதன் அச்சை அசிட்டேட் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் எடுப்பது. அந்தத் தாளை நுண்ணோக்கியில் வைத்தால் கல்லின் உள்ளமைப்பு தெரியும். புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர் பக்கம் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. பல இடங்களில் சிவந்த கடலூர் மணற்கல் அதை மூடியிருக்கும். கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846-இல் விவரித்தார். வழுதாவூர்ப் பாறை கிரெடேசியஸ் என்னும் புவியியல் காலத்தின் கடைசிப் பகுதி. கரசூர்ப் பாறை அதற்குப் பின் வந்த பேலியோசீன் காலத்தது.

நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, பாறையோடு ஒட்டியிருக்கும் கல்லையே எடுங்கள். பெயர்க்கும் முன்பே மேல்பக்கம் எது என்று மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். உருண்டு கிடக்கும் கல்லுக்கு மேல் கீழ் தெரியாது. பாதிச் செய்தி அங்கேயே போய்விடும்.

கிரானைட் அறுக்கும் பட்டறையில், கல் படிந்த அடுக்குக்குச் செங்குத்தாக அறுத்து வாங்குங்கள். கண்ணாடிப் பலகையில் 220, 400, 600, 1000 எண் கார்போரண்டம் என்னும் தேய்ப்புத் தூளை வரிசையாகத் தண்ணீரோடு வைத்துத் தேயுங்கள். ஒவ்வொரு தூளுக்கும் இடையில் கல்லை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட ஒரு பெரிய மணி போதும், கடைசிவரை கீறிக்கொண்டே இருக்கும்.

ஏழு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு 35% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் சுமார் 5% கரைசல் வரும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லின் தேய்த்த முகத்தை அந்தக் கரைசலில் 15 நொடி நனைத்து, கழுவி, தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் அமிலம் எழுப்பிய நுண்மேடுகள் நசுங்கிவிடும். கல்லின் அந்த முகத்தைச் சமமாக வைத்து அசிட்டோன் ஊற்றி, அசிட்டேட் தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சட்டென்று போட்டால் குமிழி நிற்கும். அரைமணி கழித்து உரியுங்கள். கடையில் கிடைக்கும் ஒளிபுகும் தாள்களில் பல பாலியஸ்டர், அவற்றில் அச்சு விழாது. ஒரு துளி அசிட்டோன் விட்டு, தாள் இளகுகிறதா என்று முதலில் பாருங்கள். அடுப்புப் பக்கம் அசிட்டோனைத் திறக்காதீர்கள்.

தாளை நுண்ணோக்கியில் வைத்ததும் உயிரியின் பெயரைத் தேட வேண்டாம். துகள்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மங்கலான நுண்சேறு என்றால், அதை அள்ளிப்போகும் வேகம் தண்ணீருக்கு இருக்கவில்லை. பளிச்சென்ற கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகம் நிரம்பியிருந்தால், பெரும்பாலும் அலை சேற்றை அலசியிருக்கிறது. ஓட்டுக்குள் அடியில் சேறும் மேலே படிகமும் இருந்தால், அந்த எல்லைக்கோடு கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி அன்றைய கிடைமட்டத்தைக் காட்டும்.

பிறகு ஓடுகள். உடைந்து, முனை மழுங்கி, ஒரே அளவில் சேர்ந்திருந்தால் அவை வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டவை. சுண்ணாம்புப் பாசி வாழ வெளிச்சம் வேண்டும், ஆகவே ஆழம் குறைவு. ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுள்ள நுண்ணுயிரிகளில் மிதக்கும் வகை மலிந்திருந்தால் திறந்த கடல். அம்மோனைட் என்னும் அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியை மட்டும் வைத்து ஆழம் சொல்லாதீர்கள், அதன் ஓடு செத்த பிறகும் மிதந்து போகக்கூடியது. ஆளிச் சிப்பி நிறைய, சங்கு வகை ஒன்றுகூட இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ஆளி ஓடு பெரும்பாலும் கால்சைட், நிலைக்கும். சங்கு ஓட்டின் அரகோனைட் என்னும் மற்றொரு சுண்ணாம்புக் கனிமம் கரைந்துவிடும். ஓடு கரைந்து மிஞ்சிய வெற்று அச்சுக் குழிகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.