பழைய வீட்டைத் திருத்தக் கூரையில் தொடங்குங்கள்
கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் பெரிய வளவோடு பழைய வீடு கிடைத்தால் வர்ணத்தைப் பிறகு பாருங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஓடுகளை இறக்கி, கைமரங்களை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். எளிதாக இறங்கினால் கறையான் தின்ற மரம், மாற்றத்தான் வேண்டும்.

ஈரச் சுவருக்குச் சீமெந்து பூசவே பூசாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டும்; சீமெந்து ஈரத்தை உள்ளே அடைக்க, அது இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு கழன்றுவிடும். ஈரக்கறைக்கு மேல் ஓர் அடி வரை கொத்தியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். வெளியே மண் உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும்.

வளவிலுள்ள பலா, ஈரப்பலா மரங்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தறிக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.