3816547290: தாளும் பேனாவும் வைத்தே கண்டுபிடிக்கும் வழி

0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வரும் எண் இது. இடமிருந்து எடுத்தால் 38 இரண்டால் வகுபடும், 381 மூன்றால், 3816 நான்கால்... இப்படியே முழு எண் பத்தால் வகுபடும் வரை எங்கும் மீதி கிடையாது. 0-வில் தொடங்காத அடுக்குகள் 32,65,920 இருக்கின்றன. அவற்றில் இது ஒன்றுக்குத்தான் இந்தக் குணம்.

பத்துக் கட்டம் போடுங்கள். பத்தாவதில் 0. ஐந்தாவதில் 5 (0 தீர்ந்துவிட்டதே). 2, 4, 6, 8-ஆம் கட்டங்களில் இரட்டைப்படை வந்தாக வேண்டும். ஆகவே 1, 3, 7, 9 என்ற இலக்கங்கள் மிச்சமுள்ள நான்கு கட்டங்களுக்குப் போகும்.

மூன்றாவது ஒற்றைப்படை என்பதால், நான்கால் வகுபட நான்காவது 2 அல்லது 6 ஆகத்தான் இருக்கும். எட்டாவதும் அப்படியே. எட்டுக்குக் கடைசி மூன்று இலக்கம் பார்ப்பது வழக்கம். இங்கே ஆறாவது இரட்டைப்படை, அதன் நூறுகள் எட்டால் தானாகவே வகுபடும். எனவே 7, 8-ஆம் கட்டங்கள் 16, 32, 72, 96 இவற்றில் ஒன்று. 4, 8 இரண்டும் இரண்டாவது, ஆறாவது கட்டங்களுக்கு.

பலரும் தவறவிடுவது அடுத்த படியை. முதல் மூன்று இலக்கமும் முதல் ஆறும் மூன்றால் வகுபடுவதால், நடுவிலுள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் வகுபட்டாக வேண்டும். அதற்கு 258, 654 மட்டுமே பொருந்தும். இதைப் பார்க்காமல் போனால் வேலை பல மடங்காகிவிடும்.

258 என்றால் இரண்டாவது 4, எட்டாவது 6. முதலும் மூன்றாவதும் 1, 7 ஆக வேண்டும், ஏழாவது 9. கிடைப்பவை 1472589, 7412589.

654 என்றால் இரண்டாவது 8, எட்டாவது 2, ஏழாவது 3 அல்லது 7. கிடைப்பவை எட்டு: 1896543, 9816543, 7896543, 9876543, 1836547, 3816547, 1896547, 9816547.

இனி ஏழு மட்டும்தான் பாக்கி. நீள வகுத்தல் வேண்டாம்: 1001 ஏழின் மடங்கு என்பதால், வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும். 547 − 816 + 3 = −266, அதாவது −38 × 7. மற்ற ஒன்பதிலும் மீதி வரும்; 1896543-க்கு 543 − 896 + 1 = −352, இது ஏழின் மடங்கு அல்ல. பிரிப்பதை இடப்பக்கமிருந்து தொடங்கினால் விடை தவறிப்போகும், கவனம். எட்டாவதில் 2, ஒன்பதாவதில் எஞ்சிய 9. இலக்கங்களின் கூட்டுத்தொகை 45, ஆகவே ஒன்பதுக்குச் சோதனையே தேவையில்லை.

இலக்கம் திரும்ப வரலாம் என்று விட்டால் இந்த வரிசை இன்னும் நீளும். ஆனாலும் 25 இலக்கத்தோடு நின்றுவிடும். அந்த எண் 3608528850368400786036725. பின்னால் ஒரு 0 சேர்த்து 26-ஆல் வகுத்தால் மீதி 12. வகுபடக் குறைந்தது 14 கூட்ட வேண்டும், ஓர் இலக்கமோ 9-ஐத் தாண்டாது.