பழைய ராணுவ ஜீப்பை ஊர்வலத்தில் ஓட்டுவோர் கவனத்துக்கு

காவிரி டெல்டாவில் குடியரசு நாள் ஊர்வலத்துக்கோ பழைய வாகனக் கண்காட்சிக்கோ இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுசெல்ல விரும்புவோர், புறப்படும் முன் எஞ்சினைவிடப் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களின் டிரம் பிரேக்குகளுக்கும், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான் என்பதால், எங்காவது ஒரு குழாய் கசிந்தாலும் நான்கிலும் பிடிப்பு போய்விடும். முந்தைய நாளே ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல உள்ளே இறங்கினால், வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பின், பெடலை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டி டிரம்மை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வில்லிஸில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. எனவே பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ளது மறுபக்கம் உருண்டு, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். வெண்ணாற்றங்கரை போன்ற குறுகிய கரைச் சாலையில் இது நேர்ந்தால் வண்டி ஆற்றில்தான் போய் நிற்கும். தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடக் கூடாது. ராணுவ வகை ரிம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து ஆளையே அடித்துவிடும்.

தை, மாசி மாதங்களில் நம் பக்கத்துச் சாலைகளில் வைக்கோலும், பின்னர் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள். உயரமான வண்டிதானே என்று அதன்மேல் ஏற்றிவிடுவது தவறு. வைக்கோலும் செடியும் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். ஆயில் கசிந்து பிசுபிசுத்த அடிப்பாகத்தில் ஒட்டி, சூடான புகைக்குழாயை உரசிக் கருகத் தொடங்கும். வில்லிஸில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே இருப்பதால் இது விளையாட்டான விஷயமன்று. ஒதுங்க வழி இல்லையெனில், கடந்ததும் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதை எடுத்துவிடுங்கள். கை எட்டும் இடத்தில் உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

ஊர்வலத்தில் வாழைமரமும் மாலையும் கட்டுவது நம் வழக்கம். கட்டுங்கள், ஆனால் முன் கிரில்லை விட்டுவிட்டுக் கட்டுங்கள். நடை வேகத்தில் ஏற்கெனவே காற்றோட்டம் குறைவு. பூவும் அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் கொதித்துவிடும். கொதித்ததன் மூடியை உடனே திறக்கக் கூடாது. வேட்டு வெடிப்பவர்களைக் கெஞ்சியாவது தள்ளி நிறுத்துங்கள். பானெட்டிலும் பம்பரிலும் யாரையும், குறிப்பாகச் சிறுவர்களை, ஏற்றாதீர்கள். முன் சக்கரங்களின் இரு பக்கமும் ஒவ்வொருவர் நடந்து வந்தால் கூட்டம் தானாக விலகும். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டியை ஓட்டுபவருக்கு, எதிரே வரும் பேருந்து தாமதமாகவே தெரியும் என்பதால், வலப்பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழி சொல்லாமல் முந்தக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர மற்றவை ஆலிவ் பச்சை நிறம் பூசக் கூடாது. வேறு பச்சையோ மணல் நிறமோ பூசுங்கள். போலித் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2021-இல் வந்த பழம்பெரும் (விண்டேஜ்) வாகனப் பதிவு விதிகளின் கீழ் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்த இயலாது.

6 வோல்ட் விளக்குகளை இரவில் நம்ப வேண்டாம். இருட்டிவிட்டால், நண்பரின் கார் ஒன்று எச்சரிக்கை விளக்கு மின்னப் பின்னால் வரட்டும்.