ஜெர்மனியில் படிக்கும் நண்பர் குழுவுக்கு: வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பிராக் பயணம்

செக் தலைநகர் பிராகில் யூதர் அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி நடப்பதால், சுற்றிப்பார்க்க வருபவர்களை நண்பகல் 12 மணிக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். இந்த இரண்டையும் முதலில் குறித்து வைத்துக்கொண்டால் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்: கோட்டைக்குச் சனிக்கிழமை, யூதர் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை. மாற்றிப் போட்டால் இரண்டு வாசலிலும் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பெர்லின், டிரெஸ்டன், லைப்ஸிக் பக்கம் படிப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. மியூனிக்கிலிருந்தும் போகலாம், பயண நேரம் மட்டும் கூடும்.

படி 1: எத்தனை பேர், யார் காசு

நான்கு முதல் ஆறு பேர் சரியான அளவு. நான்கு பேர் என்றால் ஹாஸ்டலில் நான்கு கட்டில் அறை ஒன்று முழுசாக உங்களுக்கே கிடைக்கும்; வேறு யாரோடும் பகிர வேண்டியதில்லை. எட்டுப் பேரைத் தாண்டினால் பல ஹாஸ்டல்கள் அதைக் குழு முன்பதிவாக எடுத்துக்கொண்டு, முன்பணம், ரத்து விதி எல்லாவற்றையும் கடுமையாக்கிவிடும். சாப்பாட்டுக் கடையிலும் எட்டுப் பேருக்குச் சேர்ந்த மேசை சட்டென்று கிடைக்காது.

"வர்றேன்டா" என்று வாட்ஸ்அப்பில் சொல்வது கணக்கில் வராது. ரயில், அறை இரண்டுக்குமான பங்கை அனுப்பியவர்தான் வருகிறவர். பணம் வாங்கும்போதே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: முன்பதிவு ஆன பிறகு விலகினால், மாற்று ஆள் கிடைக்காத வரை அந்தப் பங்கு திரும்பாது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் பரீட்சைத் தேதி மாறியது என்று இரண்டு நாள் முன்னால் ஒருவர் விலகி, மீதிப் பேர் அவர் கட்டிலுக்கும் காசு கொடுக்கும்போது வரும் மனக்கசப்பு அதைவிடப் பெரியது.

செலவைப் பதிய ட்ரைகவுன்ட், ஸ்பிளிட்வைஸ் போன்ற ஏதாவது ஒரு செயலி போதும். செலவழித்த நிமிடமே, செலவழித்த நாணயத்திலேயே பதியுங்கள். "ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து போட்டுக்கலாம்" என்று விட்ட கணக்கு எதுவும் நேரானதில்லை.

படி 2: காகிதங்கள்

ஜெர்மனியின் வதிவிட அனுமதி அட்டையோ, நீண்டகால தேசிய விசாவோ செல்லுபடியாக இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா ஏற்பாட்டில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். செக் குடியரசும் ஷெங்கனில்தான் இருக்கிறது, தனி விசா வேண்டாம். கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும், அதுவும் அசலாக. போனில் வைத்திருக்கும் படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். செக் எல்லையில் 2023 அக்டோபரில் ஜெர்மனி மறுபடி சோதனையைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் அதை எல்லா நில எல்லைகளுக்கும் விரித்தது. திரும்பி வரும் பேருந்தையும் ரயிலையும் நிறுத்தி ஆவணம் கேட்பது சாதாரணமாக நடக்கிறது.

அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஃபிக்ஷன் காகிதத்தோடு (புது அட்டை வரும் வரை கொடுக்கும் தற்காலிகச் சான்று) இருப்பவர்கள் உங்கள் குழுவில் கட்டாயம் ஒருவராவது இருப்பார். அந்தக் காகிதத்தில் வகைகள் உண்டு. எல்லா வகையோடும் நாட்டை விட்டு வெளியே போய் வர முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெளிந்த பிறகே அவருக்கு டிக்கெட் போடுங்கள்.

இவற்றோடு பல்கலைக்கழக அட்டையும் (ஐசிக் என்னும் சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் இன்னும் நல்லது) மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வேண்டும். ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. தனியார் காப்பீடு என்றால் வெளிநாட்டில் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசர எண் அங்கேயும் 112.

படி 3: ரயில் டிக்கெட்

பெர்லினிலிருந்து நேரடி ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், டிரெஸ்டனிலிருந்து சுமார் இரண்டேகால் மணி நேரம். ஜெர்மனியின் மாதாந்திரச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இந்தத் தொலைதூர ரயிலில் செல்லாது.

ஒரே ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வேயும் டிக்கெட் விற்கும், செக் ரயில்வேயும் விற்கும். விலை ஒன்றாக இருக்காது. இரண்டு தளத்திலும் பார்த்து, குறைந்ததை வாங்குங்கள். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலோடு கட்டப்பட்டது, தவறவிட்டால் போச்சு. அதனால் உங்கள் ஊரிலிருந்து பிராக் வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது பாதுகாப்பு: முதல் ரயில் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏறும் உரிமை இருக்கும். டிரெஸ்டன் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று துண்டாக வாங்கினால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்.

இன்னொரு கண்ணி. ஐந்து பேருக்கும் ஒருவர் சேர்த்து எடுத்தால் ஜெர்மன் இணைய டிக்கெட்டில் அவர் பெயர் மட்டும் இருக்கும், அவர் ரயிலில் இருந்தே ஆக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் நான்கு பேர் டிக்கெட் இல்லாமல் நிற்பார்கள். இரண்டு மூன்று பேராகப் பிரித்து எடுங்கள்.

டிரெஸ்டன் தாண்டியதும் தண்டவாளம் எல்பே நதியோடு ஒட்டிப் போகும். போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் ஆறு இடப்பக்கம். திரும்பும்போது வலப்பக்கம்.

படி 4: தங்குமிடம்

பழைய நகரச் சதுக்கத்தின் அருகே தேடாதீர்கள். விலையும் அதிகம், விடிய விடியச் சத்தம். வினோஹ்ராடி, ஷிஷ்கோவ், கார்லீன் பகுதிகளிலிருந்து டிராமில் சில நிறுத்தங்களில் நடு ஊருக்கு வந்துவிடலாம். முன்பதிவுக்கு முன் நாலு விஷயம் பாருங்கள்: வரவேற்பு மேசையில் இரவு முழுக்க ஆள் உண்டா (வெள்ளி இரவு தாமதமாகத்தான் போய்ச் சேர்வீர்கள்), விரிப்பும் துண்டும் விலைக்குள் அடக்கமா, சமையலறை உண்டா, பெட்டகத்துக்குப் பூட்டு கொடுப்பார்களா. பூட்டை எப்படியும் கொண்டுபோங்கள். தங்கும் வரி என்று ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா (செக் நாணயம்) அங்கே தனியாகக் கேட்கலாம், ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். நகரத்தின் பாதி, உருண்டைக் கல் பாவிய தெரு. முதுகுப் பை போதும்.

படி 5: கொருனா

செக் நாட்டில் யூரோ இல்லை. ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் யூரோ நோட்டை வாங்கும், ஆனால் அவர்கள் வைத்த விலைதான்.

கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அட்டை செல்லும். கருவி "யூரோவிலா, கொருனாவிலா" என்று கேட்டால் எப்போதும் கொருனா. யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதில் அந்தக் கருவிக்காரர் தீர்மானிப்பார், அது உங்களுக்குச் சாதகமாக இருந்ததில்லை. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், "மாற்றாமல் தொடர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுற்றுலாத் தெருவில் தனியாக நிற்கும் ஏடிஎம்களை விட்டுவிட்டு, செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்ற வங்கிகளின் இயந்திரத்தைத் தேடுங்கள். குழுவுக்கு ஒருவர் ஒரே முறை எடுத்தால் போதும். 2000 என்று கேட்டால் ஒற்றை நோட்டாக வந்து சில்லறைக்கு அலைய நேரும், 1900 என்று கேளுங்கள்.

தெருவில் வந்து "நல்ல ரேட்" என்று நோட்டு மாற்றித் தருபவரிடம் நிற்கவே வேண்டாம். கையில் திணிப்பது வேறு நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும். மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல், 1000 யூரோ வரையிலான மாற்றை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யச் சட்டம் உரிமை தருகிறது. ரசீது கையில் இருக்க வேண்டும்.

படி 6: டிராம், மெட்ரோ சீட்டு

ஒரே சீட்டு டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும், நேரக் கணக்கு மட்டும்தான்: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி. வார இறுதிக்கு 72 மணிச் சீட்டு நஷ்டம். இரண்டு 24 மணிச் சீட்டின் விலை அதைவிடக் குறைவு! உங்களுக்கு அதுகூட வேண்டாம். வெள்ளி இரவு ஒரு 30 நிமிடச் சீட்டு. சனி காலை முதல் பயணத்தில் ஒரு 24 மணிச் சீட்டு, அது ஞாயிறு காலை வரை ஓடும். பிறகு தேவைக்கு ஒன்றிரண்டு.

காகிதச் சீட்டை வாங்கியதோடு வேலை முடியவில்லை. மஞ்சள் பெட்டியில் நேரம் பதித்தால்தான் அது சீட்டு. மெட்ரோவில் நகரும் படிக்கு முன்னாலேயே பெட்டி இருக்கும். 24 மணிச் சீட்டை ஒருமுறை பதித்தால் போதும், மறுபடி பதிக்கக் கூடாது. பிராக் போக்குவரத்துக்கான லீடாச்கா செயலியில் வாங்கினால் விலை சற்றுக் குறைவு, ஆனால் இயக்கிய பிறகு செல்லுபடியாக ஓரிரு நிமிடம் ஆகும். டிராம் வருவதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் சீட்டு இல்லாத பயணிதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். சுற்றுலாப் பயணி, தெரியவில்லை என்ற சாக்கு எடுபடாது.

நள்ளிரவுக்கு மேல் மெட்ரோ நின்றுவிடும். 91 முதல் 99 வரை எண்ணுள்ள இரவு டிராம்கள் லாஸார்ஸ்கா நிறுத்தத்தில் சந்தித்துக்கொள்ளும். எங்கே வழி தவறினாலும் லாஸார்ஸ்கா போய்ச் சேர்ந்தால் வீடு திரும்பலாம்.

சனிக்கிழமை

காலை 7 மணிக்குச் சார்லஸ் பாலம். மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், 500 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், இருபுறமும் 30 சிலைகள். பத்து மணிக்குப் போனால் சிலைகளுக்குப் பதில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். பழைய நகரப் பக்கமிருந்து மறுகரைக்கு நடந்து, மலோஸ்த்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22ஆம் எண் டிராம் பிடியுங்கள்.

எல்லோரும் கோட்டை நிறுத்தத்திலேயே இறங்குவார்கள். நீங்கள் இன்னும் சற்றுப் போய் போஹோர்ஜெலெட்ஸில் இறங்குங்கள். ஸ்ட்ராஹோவ் மடத்துத் திண்டிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும்; அங்கிருந்து கோட்டை வரை இறக்கம்தான். படிக்கட்டு வழியாகக் கீழிருந்து ஏறினால் பேராலயத்துக்குள் நுழையும்போதே கால் கெஞ்சும்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, பைச் சோதனை உண்டு. பேராலயம், பழைய அரண்மனை, தங்கச் சந்து ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு சீட்டு. 26 வயது வரை மாணவர் சலுகை இருக்கிறது, அட்டை காட்ட வேண்டும். கட்டடங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும். அப்போதே வாசலில் நில்லுங்கள். பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். மேற்குப் பாதி இருபதாம் நூற்றாண்டு வரை இழுத்த வேலை. வெளியே நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் புரியாது, உள்ளே கண்ணாடி ஓவியங்களைப் பார்த்தால் புரியும்.

மதியத்துக்கு மேல் எல்லோரையும் கட்டி இழுக்காதீர்கள். மூன்று மணி நேரம் அவரவர் விருப்பம், மாலை ஏழுக்கு லெட்னா பூங்காவில் சந்திப்பு என்று விட்டுவிடுங்கள். வுல்தாவா நதியும் வரிசையாகப் பாலங்களும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

சாப்பாடு

பிராகில் மலிவான மதியச் சாப்பாடு "பொலெட்னி மெனு". அது பெரும்பாலும் வார நாட்களில்தான், உங்களுக்கு வாய்ப்பில்லை. சைவம் என்றால் ஸ்மஜெனி சீர், அதாவது பொரித்த சீஸ், எங்கும் கிடைக்கும். பூண்டு சூப்பைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், இறைச்சி வடித்த நீரில் செய்வது வழக்கம். "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாமல். மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் காசு வாங்கும் கடைகள் உண்டு, தொடும் முன் கேளுங்கள். தெருவெங்கும் சுருட்டிச் சுடும் டிர்டெல்னிக் பழைய பிராக் பலகாரம் என்பார்கள். சுற்றுலாவோடு வந்ததுதான், ஆசைக்கு ஒன்றை நாலு பேர் பிய்த்துத் தின்னலாம்.

ஞாயிற்றுக்கிழமை

அறையைக் காலி செய்து பைகளை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு, 9 மணிக்கு யோசெஃபோவ் என்னும் யூதர் பகுதி. அடுக்கடுக்காகக் கல்லறைக் கற்கள் சாய்ந்து நிற்கும் பழைய மயானத்தை முதலில் பாருங்கள், கூட்டம் சேர்ந்தால் நிற்க இடமிருக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பழைய-புதிய தொழுகைக் கூடத்துக்குச் சீட்டு வேறு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும்.

அங்கிருந்து நடை தூரத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். மணிக்கு ஒருமுறை அப்போஸ்தலர் பொம்மைகள் சன்னலில் வந்து போகும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து போனைத் தூக்கியிருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு வேலை நேரம். பையை முன்னால் மாட்டுங்கள்.

நேரமிருந்தால் மெட்ரோ சி தடத்தில் விஷெஹ்ராட். பழைய கோட்டை மேடு, கட்டணமில்லை, கூட்டமும் குறைவு. ஜெர்மனியில் ஞாயிறு கடை மூடியிருக்கும், இங்கே பல்பொருள் அங்காடிகள் திறந்திருக்கும். திங்கட்கிழமைக்கான பாலும் ரொட்டியும் ரயில் நிலையம் போகும் வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ரயிலுக்கு 30 நிமிடம் முன்னால் ஹ்லவ்னி என்னும் முதன்மை ரயில் நிலையத்தில் இருங்கள். எந்த நடைமேடை என்பது புறப்படுவதற்குச் சற்று முன்புதான் பலகையில் வரும். பேருந்து என்றால் பெரும்பாலும் ஃப்ளோரென்ட்ஸ் நிலையம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மீந்த கொருனாத் தாள்களைக் கடைசி நிமிடத்தில் மாற்றாமல், குழுவில் அடுத்து செக் போகப்போகிறவர் எடுத்துக்கொண்டு செயலியில் தன் கணக்கில் பதிந்துவிடட்டும். கடவுச்சீட்டையும் அட்டையையும் மேல் தட்டுப் பையில் திணிக்காமல் சட்டைப்பையில் வைத்திருங்கள். எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊரான பாட் ஷான்டாவ் வாக்கில் போலீசார் ஏறக்கூடும்.