ஊட்டியில பறந்த வண்டி கல்லார்ல ஏன் பிடிக்குது: பழைய டூ ஸ்ட்ரோக் வச்சிருக்கிற மலைக்காரங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்டி மோகம் இப்ப மலையில நல்லாவே ஏறிடுச்சு. குன்னூர், கோத்தகிரி, கேத்தின்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 சத்தம் கேக்குது, எஸ்டேட் லைன் வீட்டு ஓரத்துல சாக்கு மூடிக் கிடந்த யெஸ்டியை எல்லாம் பசங்க தேடிப்பிடிச்சு இழுத்துட்டு வர்றாங்க. சந்தோஷம்தான். ஆனா எங்க செட்டு அந்தக் காலத்துல எதையெல்லாம் பண்ணி காசை விட்டுச்சோ அதையே அச்சு பிசகாம இவங்களும் பண்றதைப் பாக்கறப்ப வயிறு எரியுது. செயினுக்கு ஆயில் விடு, ஹெல்மெட் போடு, ஆர்சி பாத்து வாங்குன்னு எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். மலையில வண்டி வச்சிருக்கிறவன் மட்டுமே பண்ற சில தப்பு இருக்கு. அதுல ஒண்ணு என்னை இன்னைக்கும் கடுப்பேத்துது, அதை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மலையில ஜெட்டைக் குறைச்சுட்டு அப்படியே கீழ இறங்குறது

ஈரோடு பக்கமோ திருப்பூர் பக்கமோ போய் ஒரு ஆர்எக்ஸ் வாங்குவாங்க. அங்க ஓட்டிப் பாத்தப்ப பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். ஊட்டிக்கு ஏத்திட்டு வந்ததும் இழுக்காது, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா பொர்ர்னு அடைக்கும், பிளக்கைக் கழட்டினா கரியா இருக்கும். உடனே யாராவது ஒருத்தர் "மெயின் ஜெட்டை ரெண்டு சைஸ் குறைடா"ன்னு சொல்லிடுவாங்க. ஜெட்ங்கிறது கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்னத் துளை. இவனும் குறைப்பான், வண்டியும் கொஞ்சம் சுத்தமா ஓடும், அவ்வளவுதான், டியூனிங் கத்துக்கிட்டேன்னு ஒரு நினைப்பு வந்துரும்.

நடக்கிறது இதுதான். ஊட்டி கடல்மட்டத்துல இருந்து 2,240 மீட்டர். அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. இன்ஜின் இழுக்கிற காத்து குறையுது, ஆனா கார்ப்ல இருந்து வர்ற பெட்ரோல் அதே அளவுக்குக் குறையறதில்ல, அதனால கலவை ரிச் ஆகுது, அதாவது பெட்ரோல் கூடிப்போகுது. அதைச் சரி பண்ண ஜெட்டைக் குறைக்கிறது நியாயம்தான். ஆனா காத்து கம்மியானதால போன பவரு போனதுதான், அதை எந்த ஜெட்டும் திருப்பிக் கொண்டு வராது. இது புரியாம இன்னும் பவர் வேணும்னு அடுத்து ஏர் பில்டரைக் கழட்டிப் போடுவாங்க, சைலன்சருக்குள்ள இருக்கிற பேஃபிளை உருவுவாங்க, குளிருக்கு பிளக் கரி பிடிக்குதேன்னு சூட்டைச் சீக்கிரம் வெளிய விடாத ஹாட் பிளக் ஒண்ணு மாட்டுவாங்க. இது ஒவ்வொண்ணும் வண்டியை லீன் (பெட்ரோல் கம்மி) பக்கமோ சூடு பக்கமோதான் தள்ளுது. ஆனா மேல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா மலைக் காத்து இந்தத் தப்பையெல்லாம் மூடி மறைச்சுடும், வண்டி சும்மா கணீர்னு ஓடும், பசங்க போட்டி போட்டு வீடியோ எடுப்பாங்க.

அடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை கீழ இறங்குவான். கோயம்புத்தூர் 411 மீட்டர், மேட்டுப்பாளையம் அதை விடத் தாழ்வு. குன்னூர்ல இருந்து பர்லியார் வழியா இறங்குறப்ப ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்ல. கல்லார் வந்ததும் பாக்குத்தோப்பு, ரோடு நேராகுது, இவ்வளவு நேரம் வளைவுல அடக்கி வச்ச கை சும்மா இருக்குமா, நாலாவது கியர்ல முழுசா முறுக்குவான். கெட்டியான காத்து, சின்ன ஜெட், சூடான பிளக், பத்தாததுக்கு இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதே ஜெட்டுல அதை ஊத்தினாலே கலவை இன்னும் லீன் ஆகும். ரெண்டு கிலோமீட்டர்கூட தாங்காது. முதல்ல டிங் டிங்னு மெல்லிசா ஒரு தட்டல் சத்தம், அப்புறம் யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுக்கிறாப்ல வேகம் குறையும், அப்புறம் பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும், பின் சக்கரம் லாக்.

"அண்ணா, ஊட்டியில சூப்பரா ஓடுச்சுங்கண்ணா, கீழ வந்ததும் டக்குனு நின்னுருச்சுங்கண்ணா, பெட்ரோல்ல கலப்படம்னு நினைக்கிறேன்." இதே போன் எனக்கு எத்தனை தடவை வந்திருக்கும்னு கணக்கே இல்ல. போன வருஷம் அப்படி ஒரு தம்பி பிக்கப்ல ஏத்திட்டு வந்தான். பிளாக்கை (சிலிண்டரை) தூக்கிப் பாத்தா பிஸ்டனோட சைலன்சர் பக்கம் முழுக்க நெட்டுக்குத்தா கீறல், பிஸ்டன் அலுமினியம் உருகி பிளாக் சுவத்துல வெள்ளி ஜரிகை மாதிரி அப்பியிருக்கு, மேல் ரிங் காடிக்குள்ளயே நசுங்கி உக்காந்துக்கிச்சு, நகத்தால நெம்பினா அசையல. பிஸ்டன் தலையில நடுவுல சாம்பல் கலர்ல ஒரு குழி. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும். கலப்படமாம்!

எனக்குக் கோவம் வர்றது அந்த ஒரு பிஸ்டனுக்காக இல்ல. ஸ்டாண்டர்ட் போர்ல, அதாவது ஒரு தடவைகூட கடையாத கம்பெனி அளவுல இருந்த பிளாக் அது. ஒவ்வொரு தடவை பிடிக்கிறப்பவும் 0.25, 0.50ன்னு போர் பண்ணி பெரிசாக்கிட்டே போகணும், 1 மில்லிமீட்டர் தாண்டினா அந்த பிளாக்கோட ஆயுசு முடிஞ்சுது, அப்புறம் புதுசா லைனர் அடிக்கணும். ஆர்எக்ஸ் 100 வந்தது 1985, நின்னது 1996. மைசூர்ல யெஸ்டி பண்ணின கம்பெனி மூடினதும் அதே 1996தான். இதுக்கு மேல ஒரிஜினல் பிளாக் ஒண்ணுகூட வராது, இருக்கிறதுதான் இருக்கு, அதை ஒரு சின்ன ஜெட்டுக்காகக் காவு குடுக்கறாங்க.

சரி, பிளக் கலர் பாத்துத்தானே ஜெட் வச்சேன், காபிப்பொடி கலர்ல சரியா இருந்துச்சேன்னு கேப்பீங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. மெயின் ஜெட் ஆக்சிலேட்டர் முக்கால்வாசி தாண்டினாத்தான் முழுசா வேலை செய்யும். அதுக்குக் கீழ பெட்ரோலை அளக்கிறது நீடில்ங்கிற ஊசி, அதுக்கும் கீழ ஸ்லைடும் ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டும். ஊட்டியில இருந்து கோத்தகிரி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, டாப் கியர்ல முழு ஆக்சிலேட்டரை தொடர்ந்து பிடிக்கிற மாதிரி ரோடு எங்க இருக்கு? ஆக நீங்க பாத்த கலர் நீடிலோடதும் பைலட்டோடதும்தான், மெயின் ஜெட்டைப் பத்தி அந்த பிளக் ஒரு வார்த்தை சொல்லல. மெயின் ஜெட்டைப் பாக்கணும்னா கீழ நேர் ரோட்டுல, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல, டாப்ல முழுசா கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை ஆஃப் பண்ணி, ஐடிலிங்கே விடாம பிளக்கைக் கழட்டிப் பாக்கணும்.

நான் சொல்றது இதுதான். மெயின் ஜெட்டைத் தொடாதீங்க, கம்பெனி குடுத்த சைஸே இருக்கட்டும், மலையில அது முழுசா வேலை செய்யற நேரமே கம்மி. நீடில் கிளிப்பை ஒரு காடி மேல ஏத்துங்க, நீடில் கொஞ்சம் இறங்கும், நடு ஆக்சிலேட்டர்ல அடைப்பு விட்டுரும். ஐடிலிங் சரியில்லன்னா ஏர் ஸ்க்ரூவை கால் சுத்து, மிஞ்சினா அரை சுத்து வெளிய எடுங்க. நம்ம ஊர்க் குளிரும் காத்தைக் கொஞ்சம் கெட்டியாக்குது, அதனால உயரத்தை மட்டும் வச்சு கணக்குப் போட்டா வர்ற அளவுக்கு எல்லாம் குறைக்கத் தேவையே இல்ல. ஏர் பில்டர் இருந்த இடத்துலயே இருக்கட்டும். இல்லண்ணா நான் ஜெட்டை மாத்தித்தான் தீருவேன்னா, பழைய ஜெட்டை ஒரு சின்ன டப்பாவுல போட்டு சீட்டுக்கு அடியில டேப் ஒட்டி வைங்க, இறங்குறதுக்கு முன்னாடி மாட்டிட்டு இறங்குங்க. செட்டிப்பாளையம் காரி ரேஸ் டிராக்குல ஓட்டப் போற பசங்களுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும், மத்தியான வெயில்ல ஸ்ட்ரெயிட்ல முழுசா முறுக்கிப் பிடிக்கிற இடம் அது, மலை செட்டிங்கோட போனா பிராக்டிஸ்லயே கதை முடிஞ்சிடும். அங்க போனதும் முதல்ல ஒரு சைஸ் பெரிய ஜெட்டுல ஆரம்பிச்சு, பிளக்கைப் பாத்துப் பாத்துக் குறைச்சுட்டு வாங்க.

டூ ஸ்ட்ரோக்ல வேகமாப் போறப்ப இடது கையில ரெண்டு விரல் கிளட்ச் மேல இருக்கணும். அந்தத் தட்டல் சத்தம் கேட்ட நொடியே பிடிச்சுடணும். யோசிக்க நேரம் இருக்காது.

இறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடியே வச்சிருக்கிறது

இதுவும் மேல சொன்னதோட தம்பிதான். கல்லட்டியில 36 கொண்டை ஊசி, செகண்ட் கியர்லதான் இறங்கணும்னு போர்டே இருக்கு, அது சரி, டிரம் பிரேக்கை மட்டும் நம்பினா பாதி வழியிலயே பிரேக் செத்துரும். ஆனா டூ ஸ்ட்ரோக்குல ஆயில் போறது பெட்ரோலோடதான். யெஸ்டி, ஜாவாவுல டேங்க்ல கலந்து ஊத்தறோம், ஆக்சிலேட்டரை மூடினா பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது, இன்ஜின் மட்டும் ஆயில் இல்லாம சக்கரம் இழுக்கிற இழுப்புக்கு கண்டபடி சுத்திட்டு இருக்கும். ஆர்எக்ஸ்ல தனி பம்ப் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க, அந்தப் பம்ப்போட கேபிளும் ஆக்சிலேட்டரோடதான் சேந்திருக்கு, மூடினா ரொம்பக் கொஞ்சம்தான் விடும். ரெண்டு வளைவுக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விடுங்க. நடுவுல ஓரமா நிறுத்தி டிரம்மை ஆற விடுங்க.

இதைக் கேட்டுட்டு ஒரு பெரிய அறிவாளி இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிட்டு இறங்கினாரு. பெட்ரோலும் மிச்சமாம். அவருக்கு என்ன சொல்ல?

ஆயில் அதிகமா கலந்தா சேஃப்டின்னு அள்ளி ஊத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. லிட்டருக்கு 40 மில்லின்னா 25-க்கு 1. அதுக்கு மேல போனா ஜெட் வழியா போற பெட்ரோல் குறையுது, கலவை லீன் ஆகுது, சைலன்சர் கரியால அடைக்குது.

பிடிச்ச பிஸ்டனுக்கு உப்புத்தாள் தேச்சு மறுபடி மாட்டறது

மாட்டாதீங்க.

காஸ்ட் அயர்ன் புல்லட்டை முதல் நாளே கொண்டை ஊசிக்கு எடுத்துட்டுப் போறது

கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. அவசரத்துல கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும், பிரேக்னு நினைச்சு கியரை மிதிப்பீங்க. மைதானத்துல ஒரு வாரம் சுத்துங்க.

தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறது

நம்ம ஊரு ஈரத்துல பிளாஸ்டிக் தார்ப்பாய் மூடினா உள்ளயே வேர்த்து, மழையில நின்ன வண்டியை விட சீக்கிரம் துரு பிடிக்கும். பருத்தித் துணி போதும், அடியில காத்துப் போகணும். டேங்க்கை பாதியா விட்டு வைக்காதீங்க, காலி இடத்துல பனித்தண்ணி கோக்கும், எத்தனால் பெட்ரோல் அந்தத் தண்ணியை உறிஞ்சி அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். ஆடி மாசம் முழுக்க எடுக்கப் போறதில்லன்னா டேங்க்கையும் கார்பையும் வடிச்சிடுங்க.

சேசிஸ் நம்பர் மேல பவுடர் கோட்டிங்

ஃப்ரேமைக் குடுக்கறப்ப நம்பர் இருக்கிற இடத்தை டேப் ஒட்டிக் குடுங்க. கனமா கோட்டிங் ஏறிடுச்சுன்னா ஆர்சி புதுப்பிக்கப் போறப்ப நம்பர் படிக்க வராது, சுரண்டினா திருட்டு வண்டியோன்னு சந்தேகப்படுவாங்க, ரெண்டு பக்கமும் வம்பு. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வந்த விண்டேஜ் ரூல்ல விஏன்னு தனி சீரிஸ் நம்பர் வாங்கலாம், ஆனா அந்தப் பதிவுல இருக்கிற வண்டியை தினசரி ஓட்ட அனுமதி இல்ல, அதை யோசிச்சுட்டு விண்ணப்பம் போடுங்க.

கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸை பழைய இரும்புக் கடைக்குப் போடறது

எனக்குக் குடுங்க.